குமர், மாணவி, பயனாளி: கல்முனைக்குடியின் பெண் பிள்ளைகளுக்கான சமூகப் பணிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கிழக்கிலங்கையின் கரையோர முஸ்லிம் ஊர்களிலே மணப்பருவம் எய்தியும் மணமாகாதிருக்கும் பெண்ணைக் 'குமர்' என வழங்குவர். இச்சொல் ஒரு பருவத்தை உணர்த்துவதோடு ஒரு கடமையையும் உடன் உணர்த்துகின்றது. 'வீட்டிலே மூன்று குமர் இருக்கின்றது' என ஒரு தகப்பன் கூறும்போது, கேட்போர் மனத்திலே தோன்றுவன அத்தகப்பன் கட்டி முடிக்கவேண்டிய மூன்று வீடுகளே. அம்மூன்று பெண்களின் இயல்புகளும் விருப்பங்களும் அவ்விடத்துப் பேசப்படுவதில்லை. 'குமர் காரியம்' எனக் கூறிப் பள்ளிவாசல் முன்றலில் உதவி கோருவோரும், கையிலுள்ளதை மனமுவந்து ஈவோரும் இவ்வூர்களிலே என்றும் இருந்துவந்துள்ளனர். பெற்றோருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உதவும்பொருட்டுச் சமூகம் தானே உருவாக்கிக்கொண்ட மிகப் பழைய திட்டம் இதுவே எனலாம்.

கடந்த சில தசாப்தங்களில் இச்சொல்லுக்குப் பக்கத்தில் வேறு இரு சொற்களும் வந்து சேர்ந்துள்ளன. பாடசாலை அவளை 'மாணவி' என அழைத்தது. உதவி நிறுவனங்களும் அரச அலுவலகங்களும் அவளைப் 'பயனாளி' எனப் பதிவு செய்தன. ஒரே பெண் பிள்ளை காலையில் மாணவியாகவும், மாலையிலே பிரதேச செயலக மண்டபத்திற் பயனாளியாகவும், இரவில் வீட்டிலே குமராகவும் இருக்கின்றாள். இம்மூன்று சொற்களின் பின்னாலும் அவளைப் பற்றிய மூன்று வெவ்வேறு கருதுகோள்கள் உள்ளன. பெண் பிள்ளைகளின் தன்னம்பிக்கையை வளர்ப்பதே தம் நோக்கமென இன்றைய சமூகப் பணித் திட்டங்கள் யாவும் பறைசாற்றும் நிலையில், இக்கருதுகோள்களில் எது அந்நோக்கத்திற்கு உண்மையில் உதவுகின்றது என்பது ஆராயத்தக்கது. அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக்குடி இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும்.

கல்முனை மாநகர எல்லைக்குள் அடங்கும் இவ்வூருக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே நெல்வயல்கள். மீன்பிடி, வேளாண்மை, வியாபாரம், ஆசிரியத் தொழில் என்பன இங்குள்ளோரின் சீவனோபாயங்கள். இக்கரையோரத்தின் சமூக அமைப்பினை அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008 இல் வெளியான தமது நூலில், தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணிவரும் தாய்வழிக் குடிமுறையை விரிவாக விளக்கியுள்ளார். இம்முறையிலே பிள்ளை தாயின் குடியைச் சார்கின்றது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருகின்றான். பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, இளைய பெண்களோடு வேறொரு வீட்டுக்கோ வளவின் ஒரு மூலைக்கோ ஒதுங்குகின்றனர்; பின்னர் அடுத்தவளுக்கான வீட்டைத் தொடங்குகின்றனர்.

இம்மரபினை வெறும் சீதனக் கொடுமையெனக் கூறி ஒதுக்குதல் எளிது. அது முழுமையான மதிப்பீடாகாது. மணமான பெண் உம்மா, ராத்தா, சாச்சி ஆகியோர் சூழத் தன் பிறந்த வளவிலேயே வாழ்கின்றாள். புதிய இடத்திற்கு வந்து பழகவேண்டியவன் கணவனே. உறுதி அவள் பெயரில் எழுதப்பட்டவிடத்து, விதவையானாலும் விவாகரத்துப் பெற்றாலும் அவள் தலைக்கு மேல் ஒரு கூரை எஞ்சுகின்றது. தென்னாசியாவின் மிகப் பல பகுதிகளிலே பெண்ணுக்கு இல்லாத ஒரு பிடிமானம் இது. ஆயின் அதே வீடு பெண்ணின் இளமைக் காலம் முழுவதையும் அழுத்தும் பாரமாகவும் அமைகின்றது. வாப்பாவின் உழைப்பு, காக்காவின் வளைகுடா நாட்டுச் சம்பளம், சில குடும்பங்களில் உம்மாவே பணிப்பெண்ணாகக் கடல் கடந்து ஈட்டும் பணம் ஆகிய யாவும் சீமெந்தாகவும் ஓடாகவும் மாறுகின்றன. தங்கைக்கு வீடு முடியும்வரை தன் திருமணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன்மார் இவ்வூர்களில் அரியர் அல்லர். தன்பொருட்டு இத்தனை பேர் தேய்வதைப் பார்த்து வளரும் பிள்ளை தன்னை ஒரு செலவாகவே எண்ணப் பழகிவிடுகின்றாள்.

குடிமுறையிலே வேறொரு முரண்பாடும் உண்டு. குடி தாய்வழியாக வருகின்றது. ஆனால் பள்ளிவாசல் நிருவாகத்திலே குடியின் சார்பில் அமரும் மரைக்காயர் ஆண்மகனே. குடியைத் தருபவள் பெண். குடியின் சார்பிற் பேசுபவன் அவளுடைய சகோதரன் அல்லது மகன். சொத்துரிமையும் வழியுரிமையும் இருந்தும் சொல்லுரிமை இல்லாதிருத்தல் சாத்தியமே என்பதை இது காட்டுகின்றது. தன்னம்பிக்கை பற்றிய எந்த ஆய்வும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

'தன்னம்பிக்கை' என்னும் சொல் ஒருவர் தன்மீது தானே வைக்கும் நம்பிக்கையைக் குறிப்பினும், அது தனிமையில் விளைவதன்று. ஒரு பிள்ளை சொன்ன சொல்லைப் பிறர் கேட்டு, அதற்கேற்ப ஒரு செயலை மாற்றிக்கொள்ளும்போதே தன் சொல்லுக்குப் பெறுமதி உண்டென்பதை அவள் அறிகின்றாள். பிறர் அவள்மீது வைக்கும் நம்பிக்கை முந்தியது. அவள் தன்மீது வைப்பது அதன் பயன். எனவே ஒரு திட்டத்தை மதிப்பிடுதற்கு அதில் எத்தனை பேர் பங்குபற்றினர் என்பதைவிட, அத்திட்டத்தின் பின் எந்த விடயத்திலே பெண் பிள்ளையின் சொல் கணக்கில் எடுக்கப்பட்டது என்பதே தக்க அளவுகோலாகும்.

இவ்வளவுகோலின்படி நோக்குமிடத்து, இக்கரையோரத்தின் பெண்களுக்கு மிகப் பெரிய பயனை விளைத்தது பாடசாலையே என்பது புலனாகும். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரும், பெரிய பிள்ளையானதும் பெண்ணை வீட்டில் இருத்தும் வழக்கம் இப்பகுதியில் நெடுங்காலம் நீடித்தது. பெண்களுக்கெனத் தனியான உயர்நிலைப் பாடசாலை ஊருக்குள்ளேயே அமைந்தமை அவ்வழக்கத்தைத் தளர்த்திய காரணிகளுள் முக்கியமானது. 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரைத் தாங்கிய கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. பின்னர் 1995 இல் ஒலுவிலிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டு முழுமையான பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தே சென்றுவரக்கூடிய தூரத்தில் உயர்கல்வியைக் கொண்டுவந்தது. பாடசாலை தன்னம்பிக்கையைத் தனிப் பாடமாகக் கற்பிக்கவில்லை. அது பரீட்சைத் தாளிலே அவள் சுட்டெண்ணை எழுதுவித்தது; பெறுபேற்றை அவள் பெயரில் வெளியிட்டது; ஆசிரியையாகத் திரும்பி வந்தவளிடம் ஊர்ப் பிள்ளைகளை ஒப்படைத்தது. சம்பளம் பெறும் ஆசிரியையின் சொல் வீட்டு ஆலோசனைகளில் இடம்பெறலாயிற்று.

இத்தகைய பணியை வேறொரு வழியில் ஆற்றியது வானொலி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் இடம்பெற்ற 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சி, வீட்டைவிட்டு அதிகம் வெளிச்செல்லாத பெண்களுக்கும் ஒரு மேடையாயிற்று. எழுதியனுப்பிய ஆக்கம் எழுதியவளின் பெயருடன் ஒலித்தபோது அவ்வீட்டாரும் அயலாரும் அதைக் கேட்டனர். ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதுமாயிருந்த இந்த ஏற்பாட்டின் சிறப்பு, பெண்ணைக் கேட்பவளாக மாத்திரம் வைத்திராது சொல்பவளாக ஏற்றமையே. ஈழத்துக் கவிதையிலும் விமர்சனத்திலும் முதன்மை பெற்ற எம். ஏ. நுஃமான் 1944 இற் பிறந்த ஊர் கல்முனைக்குடி. அவருடைய 'தாத்தாமாரும் பேரர்களும்' தொகுதி 1977 இல் வந்தது. பக்கத்து ஊராகிய சாய்ந்தமருதைச் சேர்ந்த அனாரின் முதற் கவிதைத் தொகுதி 'ஓவியம் வரையாத தூரிகை' 2004 இல் வெளிவந்தது. தமிழ் வாசகர் பரவலாக அறிந்த பெண் கவிஞர் ஒருவர் இக்கரையில் தோன்றுதற்கு இடையிற் கழிந்த காலம், பெண்ணின் சொல் வெளிப்படுதற்கு எத்தனை வாயில்கள் திறக்கவேண்டியிருந்தன என்பதை உணர்த்துகின்றது.

அதே 2004 ஆம் ஆண்டின் டிசெம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் மாவட்டங்களுள் மிகக்கூடிய உயிரிழப்பு இங்கேயே நிகழ்ந்தது. இம்மாவட்டக் கரையோர முகாம்களில் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடையே நடத்தப்பெற்று 2006 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களின் வீதத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகமெனவும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே மிகக்கூடிய விகிதத்தில் இறந்தனரெனவும் கண்டது. பெண்கள் அவ்வேளை வீட்டில் இருந்தமை, கையிற் குழந்தைகளைக் கொண்டிருந்தமை, ஆண் பிள்ளைகளைப் போல நீந்தவும் மரம் ஏறவும் பழகாதிருந்தமை என்பன சுனாமி பற்றிய ஆய்வுகள் பொதுவாகச் சுட்டும் காரணங்கள். கடல் முற்றத்தில் இருக்க, அக்கடலில் நீந்தத் தெரியாதவளாகப் பெண் பிள்ளை வளர்க்கப்பட்டாள். நீந்தத் தெரிந்தோரையும் அவ்வலைகள் கொண்டுசென்றன என்பது உண்மை. எனினும் உடலின் மீதுள்ள நம்பிக்கையும் தன்னம்பிக்கையின் ஒரு பகுதி என்பதும், அதை மறுத்ததற்கான விலை உயிராகவும் இருக்கக்கூடும் என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

சுனாமியின் பின்னர் உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் பல இக்கரைக்கு வந்தன. இரவிலே அலறி எழுந்த குழந்தைகளுக்கு விளையாட்டும் சித்திரமும் பாட்டும் கொடுத்து ஆற்றுப்படுத்தியோரின் பணி நன்றிக்குரியது. ஆனால் அவற்றோடு வந்த மொழி தனியாக நோக்கத்தக்கது. 'விழிப்புணர்வு', 'வலுவூட்டல்', 'ஆற்றல் விருத்தி', 'இலக்குக் குழு' என்னும் சொற்கள் அக்காலத்திலேயே ஊரின் பொதுவழக்கிற் புகுந்தன. வலுவூட்டல் என்னுஞ் சொல் எதிரே இருப்பவளிடம் வலு இல்லையென்ற முடிவோடு தொடங்குகின்றது. விழிப்புணர்வு அவள் உறங்குவதாகக் கொள்கின்றது. சுனாமியின் மறுநாளே அடுப்பு மூட்டிப் பத்துக் குடும்பங்களுக்குக் கஞ்சி காய்ச்சிய பெண்களை முன்வரிசையில் இருத்தி, தலைமைத்துவம் என்றால் யாதென விளக்கிய செயலமர்வுகளின் முரண் இச்சொற்களிலேயே உறைந்துள்ளது. ஒரு நாட் செயலமர்வு, மதிய உணவு, சான்றிதழ், புகைப்படம் என்ற அமைப்பிலே பெண் பிள்ளை பெரும்பாலும் கேட்பவளாகவே எஞ்சினாள்.

இதனினும் பாரதூரமானது வீட்டின் விடயம். கடலோரத்தை ஒட்டிய சீதன வீடுகள் அழிந்தன. வடக்குக் கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் முதலிலே தடுக்கப்பட்டமையால், அவ்வீடுகளுக்குரியோர் பலர் புதிய குடியிருப்புகளை எதிர்பார்த்திருந்தனர். வீட்டு உதவியும் காணியும் வழங்கும் படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யாரென வினவின. அவ்விடத்திலே கணவனின் பெயர் எழுதப்படுவதே அலுவலக வழக்காயிருந்தது. கிழக்குக் கரையிலே பெண்ணின் பெயரிலிருந்த வீட்டுக்குப் பதிலாக ஆணின் பெயரில் வீடு வழங்கப்பட்டமையை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு இருந்த ஒரே உறுதியான பிடிமானத்தை ஒரு படிவத்தின் ஒற்றை வரி அசைத்துவிட்டது. ஒரு மண்டபத்திலே பெண் வலுவூட்டல் பற்றிப் பேசப்பட, இன்னோர் அலுவலகத்திலே அவளுடைய உறுதி வேறு பெயருக்கு மாறியது. இரண்டையும் ஒருசேர நோக்கிய திட்டங்கள் அரிதாகவே இருந்தன.

அரசின் நிரந்தர ஏற்பாடுகளும் இவ்வகையில் ஆராயத்தக்கன. வீடுதோறும் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர், பிரதேச செயலகத்திற் கடமையாற்றும் முன்பிள்ளைப் பருவ, சிறுவர் உரிமை, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் அமைக்கப்படும் சிறுவர் கழகங்கள், 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை என்பன இலங்கையின் பெறுமதிவாய்ந்த சமூக முதலீடுகள். குறிப்பாகச் சிறுவர் கழகத்திலே பிள்ளைகளே தலைவரையும் செயலாளரையும் தெரிவுசெய்து கூட்டறிக்கை எழுதுதல் நல்ல தொடக்கமாகும். அக்கூட்டறிக்கையைப் பெரியவர்கள் வாசித்து, வீதி விளக்கு இல்லையென்றோ விளையாட இடமில்லையென்றோ பிள்ளைகள் எழுதியதற்கு மறுமொழி கூறும்போதே அத்தொடக்கம் முழுமை பெறும். மறுமொழி வராத அறிக்கையை மூன்று முறை எழுதிய பிள்ளை, எழுதிப் பயனில்லை என்ற பாடத்தையே கற்றுக்கொள்கின்றாள்.

பெற்றோருக்கான கூட்டங்களில் வேறொரு குறை உண்டு. 'பெற்றோர்' என்பது அழைப்பிதழில் இருபாலாரையும் குறிப்பினும் மண்டபத்திலே தாய்மாரையே குறிக்கின்றது. முற்பகல் பத்து மணிக்குக் கடலிலும் வயலிலும் கடையிலும் நிற்கும் தகப்பன்மார் வருதல் இயலாது. மகளின் படிப்பு, போக்குவரத்து, திருமணம் ஆகியவற்றில் முடிவெடுப்போர் பெரும்பாலும் அவர்களே. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத தாய்க்கு அறிவுரை கூறி அனுப்புதல், வீட்டில் அவள் தோளிலே இன்னொரு சுமையை ஏற்றுவதேயாகும். தகப்பன்மார் தவறாது ஒன்றுகூடும் இடமும் நேரமும் ஊருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவே அது. அதே கோணல் நோக்கு நாடளாவிய கொள்கையிலும் காணப்பட்டது. 2013 இல் வந்த விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுப்பணிக்குச் செல்வதைத் தடுத்தது. பிள்ளையைப் பிரிந்து செல்லும் தகப்பனிடம் அத்தகைய கேள்வி கேட்கப்படவில்லை.

இவை யாவற்றுக்கும் மேலாக நிற்பது சட்டம். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த பதிவு முறையிலே மணமகனும் மணமகளின் வலீயாகிய பாதுகாவலரும் ஒப்பமிடுகின்றனர். மணமகளின் கையொப்பத்திற்கு இடமில்லை. அச்சட்டத்தின்படி 12 வயதுக்குட்பட்ட சிறுமியின் விவாகத்தைப் பதியவே காதியின் அனுமதி வேண்டப்பட்டது. 1995 இல் பொதுச் சட்டத்தின் திருமண வயது 18 ஆக உயர்த்தப்பட்டபோதும் முஸ்லிம் பெண் பிள்ளைகள் அதற்குள் அடங்கவில்லை. 2016 இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 16 ஆக்கப்பட்டது. இவ்வாறு ஒரே அரசின் ஒரு விதி அவளைப் 16 வயதுவரை வகுப்பறையில் இருக்கப் பணிக்க, இன்னொரு சட்டம் அதற்கு முன்னரே அவளை மணமேடைக்கு அனுப்பவும் இடம் வைத்தது. இச்சட்டத்தைத் திருத்துதற்கென நீதியரசர் சலீம் மர்சூபின் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு, 2018 இலேயே அறிக்கை கையளித்தது. அதிலும் உறுப்பினர் இரு வேறு நிலைப்பாடுகளாகப் பிரிந்து நின்றனர்.

இது மார்க்கத்தின் மீதான தாக்குதல் எனச் சிலர் கருதலாம். ஆயின் திருமணத்திற் பெண்ணின் சம்மதம் வேண்டப்படுவது இஸ்லாமிய மரபுக்கு அந்நியமானதன்று. வணிகம் செய்து வாழ்ந்து, தம் திருமணத்திற்குத் தாமே தூதனுப்பிய கதீஜா நாயகியின் வரலாற்றை மதரஸாக்களிலே சிறுமியர் படிக்கின்றனர். அவ்வரலாற்றைப் படித்த சிறுமி தன் காவின் எழுதப்படும் நாளில் ஒரு கையொப்பத்திற்கும் இடமின்றி இருப்பதே முரணாகும். அவளுக்கு ஆளுமை விருத்திச் செயலமர்வுகள் பத்து நடத்தினும், வாழ்க்கையின் முதன்மையான ஆவணத்தில் அவள் பெயரை அவளே எழுதும் உரிமைக்கு அவை ஈடாகமாட்டா.

நல்ல முன்மாதிரிகள் கிழக்கிலேயே உண்டு. 1990களின் முற்பகுதி முதல் மட்டக்களப்பிலே இயங்கிவரும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், பெண்களை நாடகம் ஆடவும் பாட்டுக் கட்டவும் எழுதவும் வைத்தது. அக்கரைப்பற்றின் பாதிக்கப்பட்ட பெண்கள் அரங்கம் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே அமைப்பிற் கூட்டியது. போர் இரு சமூகங்களையும் பிரித்து நிறுத்திய மண்ணிலே இவை சிறிய செயல்கள் அல்ல. இவற்றிலே பெண் பேசுகின்றாள். அவள் பேச்சுக்கு ஒரு பயன் விளைகின்றது. 1986 இல் முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி உருவானது முதல் விவாகச் சட்டம் பற்றிய உரையாடலைத் தொடர்ந்தவர்களும் முஸ்லிம் பெண்களே.

ஆகவே கல்முனைக்குடியிலும் அதன் அயலூர்களிலும் இனி வகுக்கப்படும் திட்டங்கள், பெண் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுத்தோம் என்பதை விடுத்து, எதை அவளிடம் கேட்டோம் என்பதைக் கொண்டு தம்மை அளந்துகொள்ளுதல் வேண்டும். சீதன வீடு தொடரும்வரை உறுதி அவள் பெயரிலேயே எழுதப்படுதல், பாடசாலையில் அவளுக்கு நீச்சல் பழக்குதல், சிறுவர் கழக அறிக்கைக்கு எழுத்தில் மறுமொழி வழங்குதல், தகப்பன்மாரோடு அவர்கள் கூடும் இடத்திற் பேசுதல், காவினில் அவள் கையொப்பம் இடம்பெறுதல் ஆகியன பெருநிதி வேண்டாத காரியங்கள். குமர் காரியத்திற்கு ஈந்துவந்த கைகளை நிறுத்தவேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் ஒரு குமரின் புத்தகத்திற்கும், பல்கலைக்கழகம் செல்லும் ஒரு குமரின் விடுதிச் செலவுக்கும் அதே பள்ளிவாசல் முன்றலிற் கை நீளுமாயின், அந்தப் பழைய சொல்லே புதிய பொருள் பெறும். தன்பொருட்டு ஊர் செலவிட்ட பணம் தன் படிப்பிற்கெனச் செலவிடப்பட்டது என்பதை அறிந்து வளரும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கையைத் தனியாகக் கற்பிக்கவேண்டிய தேவை குறைவாகவே இருக்கும்.